செம்புக் காசும் அதன் ஒற்றை எண்ணும்

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையில் 1793 முதல் 1857 வரை அச்சிடப்பட்ட பெரிய செண்டு என்னும் செம்புக் காசுகளைச் சேகரிப்போரிடையே, தரநிர்ணய ஸ்தாபனம் 70 படிகள் கொண்ட தர அளவையில் 45 என்று சான்றளித்துப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தந்த ஒரு காசை, அக்காசுகளுக்கென்றே 1967-இல் தோன்றிய ‘இயர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ சங்கத்தார் 30க்கு மேல் மதிக்க மறுப்பது அபூர்வமான நிகழ்ச்சியன்று. இந்த அபிப்பிராய பேதத்தை வாங்குவோரின் தந்திரமென்று ஒதுக்கிவிடலாகாது. இரு சாராரும் ஒரே எண்ணைக் கொண்டு வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றனர் என்பதே என் துணிபு.

உளவியல் அறிஞரான வில்லியம் ஷெல்டன் 1949-இல் வெளியிட்ட நூலில் வகுத்த அந்த 70 படிகள், தேய்மானத்தை அளக்க மாத்திரம் எழுந்தவையல்ல. இன்ன காசென்று அடையாளம் மட்டுமே தெரியும் காசின் அடிப்படை விலையைப் படியின் எண்ணால் பெருக்கினால் உரிய விலை கிடைக்கும் என்ற அக்காலக் கணக்கே அவற்றுக்கு ஆதாரம். விலைகள் ஏறியதும் அக்கணக்கு சிதைந்தது. எண்களோ நிலைத்து, வெள்ளிக்கும் பொன்னுக்கும்கூடப் பரவின.

1986-இல் பி.சி.ஜி.எஸ்., மறு ஆண்டில் என்.ஜி.சி. ஆகிய தரநிர்ணய ஸ்தாபனங்கள் தோன்றிய பின்னர் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமாகாது. கிடைத்தற்கரிய 1799 செண்டு என்று சொல்லி, 1798 செண்டின் கடைசி இலக்கத்தைத் திருத்தி விற்ற மோசடிக்கு, அனுபவமற்றவன் இரையாகாமல் காப்பது அந்தச் சான்றிதழே.

ஆயினும் செம்பு, பொன்னைப்போல் தன் இயல்பில் மாறாதிருக்கும் உலோகமன்று. ஈரமும் கந்தகமும் பட்டுக் கறுத்து, களிம்பேறி, மேற்பரப்பு அரிக்கப்பட்ட பிறகும், காசிலுள்ள உருவத்தின் சிகை இழைகளும் எழுத்துகளும் கூர்மை குன்றாதிருக்கக்கூடும். அக்கூர்மைக்கு ஓர் எண்ணளித்து, பிறகு அரிப்புக்கும் கீறலுக்கும் உரியதைக் கழித்து, இரண்டையும் வெளிப்படக் கூறுவது சங்கத்தாரின் வழக்கம். சந்தை ஏற்கும் அளவுக்குக் குறையைப் பொறுத்து ஒற்றை எண்ணை அளிப்பது ஸ்தாபனங்களின் வழக்கம். நிறத்திலும் சிக்கல் உண்டு. சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று பகுத்து எழுதிய பின்னும் உறைக்குள்ளேயே நிறம் மாறக்கூடுமாதலால், பி.சி.ஜி.எஸ். பிற்காலத்தில் செம்பின் நிறமாற்றத்தைத் தன் உத்தரவாதத்தினின்றும் விலக்கிக்கொண்டது. விளிம்பில் எழுத்துப் பொறித்த தொடக்ககாலச் செண்டுகளைப் பழைய உறைகள் விளிம்பு தெரியாதபடி மூடிவிட்டதும் சிறு தோஷமன்று.

சங்கத்தாரின் முறையும் குற்றமற்றதாகிவிடாது. ஒரே களிம்புப் புள்ளிக்கு ஒருவர் ஐந்து கழிக்க மற்றொருவர் பத்து கழிப்பாராகில், முடிவான எண் அவரவர் மனப்போக்கைச் சார்ந்ததாகிவிடுகிறது. எனினும் கழித்தது எவ்வளவு, எதற்காக என்று அவர்கள் எழுதிவைப்பதால், வாங்குபவன் அதைச் சோதித்துத் தன் முடிவுக்கு வர இடமிருக்கிறது. ஒற்றை எண்ணில் அந்த இடமில்லை. ஆகவே நான் சங்கத்தார் பக்கமே சாய்கிறேன். மிகவும் பழுதுற்ற காசுகளுக்கு எண்ணளிக்காமல் பழுதின் பெயரை உறையின்மேல் எழுதும் ஸ்தாபனங்கள், எண்பெறும் செம்புக் காசுகளுக்கும் கூர்மையின் எண்ணையும் கண்ட குறையையும் சேர்த்தெழுதத் தடையொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.