விலை ஏறினால் பயனும் ஏறுமா?

மதுரைக் கடைகளில் 15,000 ரூபாய்க்கும் திறன்பேசி கிடைக்கிறது. ஒரு லட்சத்திற்கு மேலும் கிடைக்கிறது. விலை எட்டு மடங்கானால் பயனும் எட்டு மடங்காகுமா? மாதத் தவணையில் வாங்கித் தரும்படி பெற்றோரை வற்புறுத்தும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது. விளம்பரங்களை ஒதுக்கிவிட்டு, இயற்பியலின் துணையோடு ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, சாம்சங் காலக்ஸி எஸ்24 அல்ட்ராவைக் கொள்வோம். 2024 ஜனவரியில் இந்தியாவில் இதன் தொடக்க விலை ரூ.1,29,999.

முதலில் திரை. இதில் அங்குலத்திற்குச் சுமார் 500 படப்புள்ளிகள் உள்ளன. நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தொலைவில் இது 0.09 மி.மீ. இடைவெளி, அதாவது அங்குலத்திற்குச் சுமார் 290 புள்ளிகள். முழு எச்.டி. திரையுள்ள குறைந்த விலைக் கருவிகளிலேயே 400 அளவில் இருக்கின்றன. அதற்கு மேற்பட்டவை பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாதவை. ஆனால் வெயிலில் நின்று படிக்க, உயர்விலைத் திரையின் கூடுதல் பிரகாசம் உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஒளிப்படக் கருவி. இதில் 20 கோடி படப்புள்ளிகள். ஒவ்வொன்றின் அகலம் 0.6 மைக்ரோமீட்டர். ஒளியோ ஓர் அலை. வில்லை எவ்வளவு சிறந்ததாயினும், விளிம்பு விளைவினால் ஒரு புள்ளியின் பிம்பம் சிறு வட்டமாகப் பரவியே தீரும். இவ்வில்லையில் பச்சை ஒளிக்கு அவ்வட்டத்தின் விட்டம் சுமார் 2.3 மைக்ரோமீட்டர்; ஏறக்குறைய நான்கு படப்புள்ளிகளின் அகலம்! ஆகவே எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இருள் சூழ்ந்த வேளையில் இக்கருவி 16 புள்ளிகளை ஒன்றாக்கி 1.2 கோடிப் புள்ளிப் படத்தையே தருகிறது. உண்மையான சிறப்பு, ஒளியுணரியின் பரப்பிலும் தொலைவில்லையிலும் உள்ளது. சித்திரைத் திருவிழாவில், விடியுமுன் வைகைக் கரைக் கூட்டத்தில் நின்று அழகரைப் படமெடுப்பவர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காண்பார்.

மூன்றாவது வேகம். விரைந்து கணக்கிடும் சில்லு வெப்பத்தையும் வெளியிடும். மெல்லிய உறைக்குள் விசிறி இல்லை. சுற்றியுள்ள காற்றுக்கே வெப்பத்தைக் கடத்த வேண்டும். சாம்சங், ஆப்பிள் ஆகிய இரு நிறுவனங்களுமே தம் கருவிகளுக்குக் குறிப்பிடும் சூழல் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியசு வரை. மதுரைக் கோடையோ 38 பாகையை எளிதில் தாண்டும். அப்போது கருவி தன் வேகத்தையும் திரைப் பிரகாசத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய திறன் முழுவதும் வெயிலில் கிடைப்பதில்லை.

இணையத்தின் வேகமோ பெரிதும் அருகிலுள்ள கோபுரத்தையும், அதைப் பகிர்ந்துகொள்வோரின் எண்ணிக்கையையும் பொறுத்தது. மின்கலத்தின் கொள்ளளவு 5,000 மில்லி ஆம்பியர் மணி. 15,000 ரூபாய்க் கருவிகள் பலவற்றிலும் இதே அளவுதான்.

அப்படியானால் உயர்விலையில் பொருளே இல்லையா? உண்டு. இக்கருவிக்கு ஏழாண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டுள்ளது. ஏழாண்டும் பயன்படுத்தினால் ஆண்டுச் செலவு சுமார் 18,600 ரூபாய். மூன்றாண்டில் மாற்றினால் 43,300 ரூபாய். 20,000 ரூபாய்க் கருவியை நான்காண்டுகள் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய்தான். மேலும், சில நூறு முறை மின்னேற்றியபின் லித்தியம் மின்கலம் தளரும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். எனவே ஏழாண்டுக் கணக்கில் புதிய மின்கலத்தின் விலையையும் சேர்க்க வேண்டும்.

படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இச்செலவு ஒரு முதலீடு. பாடக் காணொளி பார்க்கவும், செய்தி அனுப்பவும், பணம் செலுத்தவும் கருவி தேடும் மாணவருக்கு அவ்வாறன்று. அவர் தரும் கூடுதல் லட்சத்தில் பெரும்பகுதி, அவர் கண்ணும் கோபுரமும் கோடையும் பயன்படுத்த விடாத திறனுக்கே போகிறது. அத்தொகை பல கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணத்தையும் மிஞ்சும் என்பதைத் தவணைப் படிவத்தில் கையெழுத்திடுமுன் நினைவிற்கொள்வது நன்று.