பெயர்ப்பட்டியல் போதுமா?

பெண் படிக்கலாமா, படித்தால் குடும்பம் நிலைக்குமா என்று வழக்காடிய நாடு இது. அந்த வழக்கிலே தீர்ப்புக் கிடைத்துவிட்டது. விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து, மிதிவண்டியிலும் பேருந்திலும் பெண்மக்கள் இன்று பள்ளிக்கு வருகிறார்கள். வாயில் திறந்துவிட்டது, மகிழ்கிறோம். ஆனால், உள்ளே வந்தவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? பெண் ஏன் தாழ்த்தப்பட்டாள், யாரால் தாழ்த்தப்பட்டாள், எதனால் மீண்டாள், இன்னும் மீளாத இடம் எது என்று ஆராயக் கற்றுக் கொடுக்கிறோமா? அல்லது, போற்றத்தக்க பெயர்கள் சிலவற்றைக் கொடுத்து, நெட்டுருச் செய்து ஒப்புவிக்கச் சொல்கிறோமா?

இந்தக் கேள்வியோடுதான், 2018-இல் வெளிவந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் ஐந்தாம் இயலைப் பார்க்க வேண்டும். 'கல்வியில் சிறந்த பெண்கள்' என்பது அந்த இயலின் உரைநடைப் பாடம். முத்துலட்சுமி, மூவலூர் இராமாமிர்தம், சாவித்திரிபாய் பூலே, ஐடா ஸ்கடர் எனப் பெண்மணிகள் பலர் அதிலே இடம்பெறுகிறார்கள். அதே இயலில் பாவேந்தர் பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு' இருக்கிறது. அறிஞர் அண்ணாவின் 'வீட்டிற்கோர் புத்தகசாலை'யும் இருக்கிறது. கற்புக்கரசிகளின் கதைகளே பெண்களுக்குரிய பாடம் என்றிருந்த நாள்களை எண்ணிப் பார்ப்போர்க்கு, இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். தொகுத்தவர்களைப் பாராட்டுகிறோம். பாராட்டிய பிறகு, குறையையும் சொல்ல வேண்டும். அல்லவெனில் அது திறனாய்வு ஆகாது.

குறை இதுதான். ஒவ்வொரு பெண்மணிக்கும் சில வரிகள். அந்த வரிகளிலே நிற்பவை பிறந்த ஆண்டு, பெற்ற பட்டம், முதன்முதல் செய்த செயல். 'முதல் மருத்துவர் யார்? முதல் ஆசிரியர் யார்?' என்று தேர்வு கேட்கிறது, பிள்ளை எழுதுகிறது, மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால், முதல் என்று ஒருவர் இருந்தால், அவருக்கு முன்னால் கதவு அடைத்திருந்தது என்பது பொருளல்லவா? அடைத்தவர் யார்? என்ன சொல்லி அடைத்தார்? கதவு தானாகத் திறந்ததா, தள்ளித் திறந்தார்களா? இந்தக் கேள்விகள் எழாவிட்டால், போராளிகள் பிள்ளைகளின் கண்ணுக்குப் படங்களாகி விடுவார்கள். படத்துக்கு மாலை போடலாம்; படத்திடம் பாடம் கேட்க முடியாது.

முத்துலட்சுமி அம்மையாரையே எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர். ஆண்களே படித்த மன்னர் கல்லூரியில் இடம்பெற்றுப் படித்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டமன்ற மேலவையிலே அமர்ந்து, 1927-இல் அதன் துணைத்தலைவரானவர். தேவதாசி முறையை ஒழிக்க அந்த 1927-ஆம் ஆண்டிலேயே தீர்மானம் கொண்டுவந்தவர். முறையை முழுதும் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதோ 1947-இல்! இடையிலே இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் நடந்தது என்ன? பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அம்மையாரின் தாயாரே அந்தக் குலத்தில் பிறந்தவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாமே அந்த முறைக்கு ஆளாக்கப்பட்டு, அதை உதறி வெளியே வந்து, ஊர் ஊராகப் பேசி, 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தையும் எழுதியவர். எதிர்த்தவர்கள் வைதிகர்கள் மட்டுமா? இல்லை. அதே குலத்துக் கலைஞர்கள் சிலர், பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற புகழ்பெற்ற பாடகியர் உட்பட, 'எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாகும்?' என்று கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஒரே குலம், ஒரே கொடுமை, எதிரெதிர் நிலையில் நின்ற பெண்கள்!

இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். ஒரு குழு முத்துலட்சுமியின் வாதத்தைத் திரட்டட்டும். ஒரு குழு இராமாமிர்தத்தின் வாழ்க்கையைத் தேடட்டும். மற்றொரு குழு, மனுக் கொடுத்தவர்களின் அச்சம் என்ன, அது எவ்வளவு நியாயம், எவ்வளவு தவறு என்று எடைபோடட்டும். பொட்டுக் கட்டிய பெண்ணுக்குக் கிடைத்த மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்த 1929-ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த அச்சத்துக்கு விடையானதா என்று ஆராயட்டும். பிறகு வகுப்பின் முன் நின்று அவர்களே பாடம் நடத்தட்டும். ஆசிரியர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். அன்று அந்தப் பிள்ளைகள் கற்பது ஒரு பெயரையன்று. ஒரு சீர்திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை.

இனி, 'குடும்ப விளக்கு'. பாவேந்தர் நம்முடையவர். நம்முடையவர் என்பதாலேயே அவரை ஆராயாமல் விட்டால், பகுத்தறிவு என்ற சொல்லை நாம் பயன்படுத்தவே கூடாது. பாடநூலில் உள்ள பகுதியில், கல்லாத பெண்ணைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டுப் பேசுகிறாள் தலைவி. சமையல் பெண்ணுக்கே உரியது என்ற வழக்கத்தையும் மறுக்கிறாள். சிறப்பு! ஆனால் அந்த நூலின் முதற்பகுதியின் பெயர் 'ஒருநாள் நிகழ்ச்சி'. அங்கே விடியலுக்கு முன்பே எழுந்து, இரவு வரையில் வீட்டைச் சுமந்து நடப்பவள் யார்? அதே தலைவிதான். சொல்லிலே சமத்துவம், நாள்முறையிலே பழைய பங்கீடு. இந்த இடைவெளி கவிஞருடைய குறையா, அவர் கண்ட தமிழகத்தின் குறையா? நல்ல கேள்வி. விடையை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது.

அதற்கு மாறாக, 'ஒருநாள் நிகழ்ச்சி' என்ற அந்தத் தலைப்பையே பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். தத்தம் வீட்டில் ஒருநாள் நிகழ்ச்சியை எழுதிக் கொண்டு வரட்டும்: முதலில் எழுந்தவர் யார், எத்தனை மணிக்கு? தண்ணீர் பிடித்தவர் யார்? சமைத்தவர், துலக்கியவர், துவைத்தவர், மாட்டுக்குத் தீனி வைத்தவர் யார்? கூலி வேலைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர்? கடைசியாக உண்டவர் யார்? கடைசியாகப் படுத்தவர் யார்? பெயர் வேண்டாம், ஆண், பெண், மணிக்கணக்கு, அவ்வளவே போதும். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது வீடுகளின் கணக்குக் கிடைக்கும். கரும்பலகையில் கூட்டினால், சராசரி எடுக்கக் கணக்குப் பாடமும், காரணம் காணச் சமூக அறிவியலும், எடுத்துரைக்கத் தமிழும் தாமே வந்து சேர்கின்றன.

நாட்டுக் கணக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இந்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாள் ஒன்றுக்கு அதில் செலவிடுவது 289 நிமிடங்கள். ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019-இல் அது 299-உம் 97-உமாக இருந்தது. பெண்ணின் சுமை ஐந்தாண்டில் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருப்பதைப் பாருங்கள்! நல்லூர் வகுப்பின் கணக்கை நாட்டின் கணக்கோடு ஒப்பிட்டால், அம்மாவைப் பற்றிய உருக்கம் அங்கே அறிவாக மாறும். 'அம்மா தெய்வம்' என்று கட்டுரை எழுதிவிட்டு, உண்ட தட்டை அம்மாவிடம் நீட்டும் பிள்ளைக்கு, அந்தக் கரும்பலகை ஒரு கண்ணாடி. கேரளத்தில் 2024-இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலிலேயே, தந்தை தேங்காய் துருவும் படத்தைப் போட்டார்கள். ஒரு படம்தான், ஆயினும் நாடே பேசிற்று. நம் பிள்ளைகள் தம் வீட்டுக் கணக்கையே படமாக வரைந்தால் இன்னும் எவ்வளவு பேசும்!

வீட்டைவிட்டு ஊருக்கு வருவோம். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பொம்மையும் மின்காப்புப் பீங்கான்களும் அங்கிருந்து செல்கின்றன. சூளைக்கூடத்தில் எந்த வேலை ஆணுக்கு, எந்த வேலை பெண்ணுக்கு? கூலி ஒன்றா, வேறா? சமவேலைக்குச் சமஊதியம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1976-இல். அந்தச் சட்டத்தின் பயன் முந்திரித் தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் வந்து சேர்ந்ததா? வேலைக்குப் போகும் தாயும் தந்தையும் எந்தப் பிள்ளைக்கும் இருக்கிறார்கள். கேட்டு எழுதிவர நூலகம்கூட வேண்டியதில்லை.

பாட்டிமார்களிடமும் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: 'உன் தந்தையின் நிலத்தில் உனக்குப் பங்கு கிடைத்ததா?' பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் செய்தது 1929-இல். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல், அறுபது ஆண்டுகள்! அந்தச் சட்டமும், அது நடைமுறைக்கு வருமுன் மணமான பெண்களை விலக்கிவிட்டது. அந்தத் தடை நீங்கியது 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தால். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பாட்டிமார் பலர், 1989-க்கு முன்னரே மணமானவர்கள். ஆகவே சட்ட வரலாறு முழுவதும் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது! கேட்பதற்கு ஒரு பேரப்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்.

இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2022-இல் அது, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. மணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போயிற்று. ஏன்? எது பெண்ணுக்கு நிலைத்த உதவி? அந்தப் பணத்துக்கு உரியவளாகப் போகிறவளே ஆராய்ந்து எடுத்துரைக்க வேண்டிய பொருள் இது.

எடுத்துரைப்பது யார் என்பதிலும் கவனம் வேண்டும். பள்ளிகளில் குழுவேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்ணம் தீட்டுவாள் பெண். அழகாக எழுதுவாள் பெண். மேடையேறி விளக்குவான் ஆண்! பெண்ணுரிமைப் பாடத்தையே இப்படி நடத்தினால், பாடத்தைப் பாடமே பொய்யாக்கிவிடும். பேசுவோரும் தீட்டுவோரும் முறைமாற வேண்டும். இது மாணவிகளுக்கு மட்டும் உரிய பாடம் என்று ஆண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவதும் தவறு. ஹரியானாவில், அரசுப் பள்ளிகளின் 7 முதல் 10 வரையிலான வகுப்புகளில், இரண்டரை ஆண்டுக்காலம் இருபாலரையும் வைத்துக்கொண்டு இத்தகைய கலந்துரையாடலை நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகளின் எண்ணத்தில் மாற்றம் கண்டது. ஈராண்டு கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. வீட்டுவேலையில் முன்னைவிடக் கைகொடுப்பதாக ஆண்பிள்ளைகள் சொன்னார்கள். பெண்பிள்ளைகளின் நடத்தையில் மாற்றம் அந்த அளவுக்கு இல்லை. வியப்பில்லை. ஆண் மாறத் தீர்மானித்தால் மாறிவிடலாம். பெண் மாறுவதற்கு வீடும் வழிவிட வேண்டும். ஆகவே இந்த வகுப்பில் ஆணின் இருக்கை காலியாக இருக்கக் கூடாது.

'பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் ஏது நேரம்?' என்பார்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு கழுத்தை நெரிக்கும், உண்மை. ஒன்பதாம் வகுப்பில் அந்த நெருக்கடி இல்லை. இரண்டு வாரத்தில் ஆறு பாடவேளை ஒதுக்கினால் போதும். 'ஆணும் பெண்ணும் இருக்கும் வகுப்பில் இதையெல்லாம் பேசலாமா?' என்பார்கள். ஆணும் பெண்ணும் இருக்கும் வீட்டில்தானே இவையெல்லாம் நடக்கின்றன! 'பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்' என்பார்கள். இந்த அச்சத்தில் மட்டும் பொருள் உண்டு. குடிக்கும் தந்தை, அடிபடும் தாய், பிரிந்துபோன குடும்பம் என்று பிள்ளையின் மனத்திலே புண் இருக்கலாம். அதைச் சபையில் திறக்க ஆசிரியருக்கு உரிமையில்லை. அதனால்தான் பெயரில்லாக் கணக்கு என்றோம். எழுத விரும்பாத பிள்ளை, நூலகப் பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். ஆராய்ச்சி என்பது துப்பறிதல் அன்று.

தோழர்களே, இதை இவ்வளவு வற்புறுத்துவானேன்? ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வயது பதினான்கு. 1929-இல் சாரதா சட்டம் வந்தபோது, பெண்ணின் திருமண வயதாக விதித்தது இந்தப் பதினான்கைத்தான். அதற்கே வைதிகம் எவ்வளவு கூச்சலிட்டது! இன்று சட்டம் கூறும் வயது பதினெட்டு. ஆயினும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 விழுக்காட்டினர், பதினெட்டு நிறையுமுன்பே மணமானவர்கள். எட்டுப் பேரில் ஒருத்தி! வகுப்பறையில் ஒரு வரிசைக்கு ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் அமரும் நாளில், 'முதல் பெண் மருத்துவர் யார்?' என்பதற்கு அவளுக்குத் தெரிந்த விடை எவ்வளவு உதவும்? சட்டம் இது, வயது இது, என் ஊர்க்கணக்கு இது, நான் ஆராய்ந்து அறிந்தேன் என்று வாய்திறந்து சொல்லப் பழகியிருந்தால் அது உதவும். அவளுடைய தம்பியும் அதே வகுப்பில் அதே கணக்கைக் கூட்டியிருந்தால், கூடத்தில் அவள் பக்கம் நிற்க ஒருவனாவது இருப்பான்.

பாடநூல் பெயர்களைக் கொடுத்துவிட்டது. இனிக் கேள்விகளைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் தோழர் இந்த ஆண்டே ஒரு வகுப்பில் தொடங்கட்டும். ஆசிரியரல்லாத தோழர், மன்றத்துப் படிப்பகத்தில் இந்தப் பெண்மணிகளைப் பற்றிய நூல்களை வாங்கி வைக்கட்டும். தேடிவரும் பிள்ளைக்கு நூல் இல்லை என்ற குறை நம் ஊரில் இருக்கலாகாது.