மலை இருக்கு, பேர் இல்லை: ஒரு காப்பி விமர்சனம்

சில வருஷம் முன்னாடி பெங்களூரில் ஒரு வேலை முடிந்த சாயங்காலம், டீம் ஆட்கள் என்னை ஆர்பர் ப்ரூயிங் கம்பெனிக்கு இழுத்துப் போனார்கள். 2012-ல் தொடங்கிய சிறு பீர் ஆலை அது. அவர்களுடைய 'ரேஜிங் எலிஃபன்ட்' என்ற ஐ.பி.ஏ.வை ஒரு வாய் குடித்தேன். நார்த்தங்காய்த் தோலைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. இரண்டாவது வாயில் அந்தக் கசப்புக்குப் பின்னாலிருந்து பழவாசனை எழுந்தது. மூன்றாவதில் பிடித்துப்போனது.

ஆனால் மனதில் தங்கியது பீர் இல்லை, பக்கத்து மேஜைப் பேச்சு. இருபத்தைந்து வயதுப் பையன் பரிமாறுகிறவரிடம், "இதுல என்ன ஹாப்ஸ்? காஸ்கேடா, சிட்ராவா?" என்று கேட்டான். அவரும் தயங்காமல் பதில் சொன்னார். அமெரிக்காவில் உருவான ஒரு பூவின் ரகம் வரைக்கும் இங்கே ஒருத்தனுக்கு அக்கறை! எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் காலையில் நான் குடிக்கிற காப்பி எந்த மலையில் விளைந்தது? தெரியாது. இத்தனைக்கும் எங்க ஊர் வத்தலக்குண்டு. வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பழனி மலை தெரியும்.

அந்தச் சுருக்குதான் இந்தக் குறிப்புக்குக் காரணம். பீரைக் குடிக்கிற கவனத்தோடு எங்க மலைக் காப்பியைக் குடித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

முதலில் கொஞ்சம் பூகோளம். கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரம். காப்பிக்கு அந்தக் குளிர் ஆகாது. காப்பி இருப்பது அதற்குக் கீழே, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தில், மரநிழலில், மிளகுக்கும் மலைவாழைக்கும் நடுவில். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வாரியம் இந்தியக் காப்பிப் பிரதேசங்களை 13 ஆகப் பிரித்திருக்கிறது. அதில் 'புல்னீஸ்' என்பது நம்ம பழனி மலைதான். ஆனால் 2019-ல் கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு என்று ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த ஐந்தில் புல்னீஸ் இல்லை. இதே மலைத்தொடரின் விருப்பாச்சி வாழைக்கு 2008-லேயே குறியீடு உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் அடிவாரத்துப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல் வந்துவிட்டது. காப்பி மட்டும் பேர் வைக்காத பிள்ளையாக நிற்கிறது.

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சிறு தோட்டக்காரரைப் பிடித்தேன். பேர் போட வேண்டாம் என்றார். அவரிடம் இருப்பது பெரும்பாலும் எஸ்.795, இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்படும் அராபிகா ரகம். "அண்ணே, உங்க காப்பி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். சிரித்தார்.

"நாங்க விக்கிறது காப்பி இல்ல தம்பி, மூட்டை. க்யூரிங் ஒர்க்ஸுக்குப் போனா எல்லார் மூட்டையும் ஒண்ணு. அப்புறம் அது பிளான்டேஷன் ஏ."

கடைகளில் நாம் பெருமையாகக் கேட்டு வாங்கும் 'பிளான்டேஷன் ஏ' தோட்டத்தின் பேர் இல்லை. முக்கியமாக, கொட்டை 6.65 மி.மீ. சல்லடையில் தங்கியது என்று அர்த்தம். 'பீபெரி' என்பது பழத்துக்குள் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை. இரண்டுமே கொட்டையின் அளவும் வடிவமும் பற்றிய சேதி. ருசியும் ஊரும் அதில் கிடையாது.

அவர் கொஞ்சம் கொட்டையைத் தனியாக எடுத்து, வறுத்துத் தருகிற ஒரு சிறு கடையில் கொடுத்து வைத்திருந்தார். இரண்டு விதமாக வாங்கினேன். ஒன்று, முதல் வெடிப்பு முடிந்ததும் நிறுத்திய இளவறுவல். இன்னொன்று, நம்ம வீட்டு வழக்கப்படி கறுத்து எண்ணெய் கசிகிற வறுவல். 20 கிராம் பொடி, 320 கிராம் தண்ணீர், பால் சர்க்கரை இல்லை. சூடாக, வெதுவெதுப்பாக, ஆறின பிறகு என்று மூன்று தடவை குடித்தேன்.

இளவறுவல்: சூட்டில் வாசனை மட்டும்தான், வெல்லப்பாகு கொதிக்கிற மாதிரி. ஆற ஆறப் புளிப்பு மேலே வருகிறது. எலுமிச்சைப் புளிப்பு இல்லை; பழம்புளியின் கனமான, அடியில் இனிப்புள்ள புளிப்பு. கசப்பு பின்னால் மெதுவாக வந்து போகிறது. குறையும் உண்டு. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு தங்குகிறது, பிஞ்சு நெல்லிக்காய் மாதிரி. காய்ப்பழம் கலந்து பறித்தால் இப்படி ஆகும். அவரிடம் சொன்னேன். "பழமாப் பார்த்துப் பறிக்க ஆளுக்கு எங்க போறது? பறிச்சாலும் மூட்டைக்கு ஒரே விலைதானே" என்றார். ஆக, அந்தத் துவர்ப்புக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

கரும்வறுவல்: புகை, கரி, அழுத்தமான கசப்பு, அவ்வளவுதான். இதன் வேதியியல் சுவாரசியமானது. ஹாப்ஸ் பூவிலுள்ள ஆல்பா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறித்தான் பீரில் கசக்கும். காப்பியில் குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது லாக்டோன்களாக மாறி மென்மையான கசப்பைத் தரும். இன்னும் வறுத்தால் அவையும் உடைந்து, நாக்கில் ஒட்டுகிற முரட்டுக் கசப்பு வரும். காஃபீனுக்கு இதில் சிறு பங்குதான். அந்த முரட்டுக் கசப்பு எந்த மலைக் கொட்டையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதில் தாண்டிக்குடியைத் தேடினால் கிடைக்காது.

இனி பாக்கெட் மீது ஒரு புகார். இளவறுவல் பொட்டலத்தில் 'பிளாக்கரன்ட், பிங்க் கிரேப்ஃப்ரூட், டார்க் சாக்லேட்' என்று அச்சிட்டிருந்தது. பிளாக்கரன்ட் நான் கண்ணால் பார்த்ததில்லை. பயிரிட்டவரும் பார்த்திருக்க மாட்டார். வேப்பம்பூ ரசம், சுண்டைவற்றல், பாகற்காய், நார்த்தங்காய் என்று கசப்பிலேயே இத்தனை வகை சாப்பிடுகிறவர்கள் நாம். துவர்ப்புக்குத் தனிச் சொல் வைத்திருக்கிறவர்கள். பழம்புளி என்று எழுதினால் கௌரவக் குறைச்சலா?

எங்க ஊரில் வளர்ந்தவர் சி.சு. செல்லப்பா, 1959-ல் 'எழுத்து' தொடங்கியவர். க.நா.சு. தன் ரசனையை நம்பி நல்ல எழுத்து எது என்று பட்டியல் போட்டார். செல்லப்பாவோ எழுத்தைப் பிரித்து அலசிக் காட்டணும் என்றார். காப்பி விஷயத்தில் நாம் எல்லாரும் க.நா.சு. கட்சி. 'பேஷ்' என்றால் முடிந்தது. பட்டியல் வேண்டியதுதான், ஆனால் அலசலும் வேண்டும்.

நியாயத்துக்கு எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் இளவறுவலைக் கொடுத்தேன். "இது என்னடா, கஷாயமா?" என்றாள். ஃபில்டரில் போட்டு டிகாக்‌ஷன் இறக்கிப் பால் ஊற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பாலில் அந்தப் புளிப்பு திரிந்த ருசியாகத் தெரிகிறது. கரும்வறுவலும் சிக்கரியும் பாலுக்காகவே அமைந்த ஜோடி. சட்டப்படிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். அதைக் குறை சொல்ல நான் யார்? நாளைக் காலையும் அதைத்தான் குடிக்கப் போகிறேன். ஆனால் அந்த டபராவுக்குள் எந்த மலை போனாலும் ஒன்றுதான். மலைக்குத் தனி விலை கிடைக்கணும் என்றால், வாரத்தில் ஒரு நாளாவது வெறும் காப்பியாகக் குடிக்கிறவர்கள் நூறு பேராவது வேண்டும்.

ஐ.பி.ஏ. என்பதில் 'ஐ' இந்தியாதான். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இங்கே கப்பலில் வந்த பீர் என்பதால் அந்தப் பேர். அதில் நம்ம மண் இல்லை, பேர் மட்டும் இருக்கிறது. தாண்டிக்குடிக் காப்பியில் மண் இருக்கிறது, பேர் இல்லை.

என் தீர்ப்பு: நல்ல காப்பி, மகத்தான காப்பி இல்லை. அந்தத் துவர்ப்பு போனால் மகத்தானதாக ஆகலாம். கிளம்பும்போது அவர், "அடுத்த வருஷம் பாதித் தோட்டத்துல பட்டர்ஃப்ரூட் போடலாம்னு இருக்கேன்" என்றார். பழமாகப் பறித்த பத்துக் கிலோவுக்கு நான் இப்போதே பணம் தருகிறேன் என்றேன். யோசித்தார். "எழுதிக்கிறேன் தம்பி" என்றார்.

ஜனவரியில் போய்ப் பார்க்கணும்.