தீயின் மேல் போட்ட பழி

பிரெஞ்சு இசையமைப்பாளர் எமானுவேல் ஷாப்ரியேயின் ‘ல ருவா மால்க்ரே லுய்’ பேச்சு வந்தாலே முதலில் தீ விபத்துக் கதைதான் வரும். ‘வேண்டா வெறுப்பாக ராஜா ஆனவன்’ என்ற பொருள்படும் இந்த ஓபரா, 1887 மே 18 அன்று பாரிஸ் ஓபரா-கோமிக் அரங்கில் அரங்கேறியது. மூன்று காட்சிகள் முடிந்தன. மே 25 இரவு அதே மேடையில் ‘மினியோன்’ என்ற வேறொரு ஓபரா நடந்துகொண்டிருந்தபோது கேஸ் விளக்கிலிருந்து தீ மேடைச் சீலைகளுக்குத் தாவியது. அரங்கம் எரிந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

‘மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது’ என்று தோற்ற அணி சொல்லுமே, அப்படி அன்றிலிருந்து இந்த ஓபராவின் தோல்விக்கெல்லாம் தீயின் மேல்தான் பழி. ஸ்கோர்போர்டு வேறு கதை சொல்கிறது. அதே ஆண்டு நவம்பரில் வேறொரு அரங்கில் இது மீண்டும் மேடையேறிவிட்டது. 1890இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இசை நடத்துநர் பெலிக்ஸ் மோட்டல் நடத்திக் காட்டினார். வாய்ப்பு வராமல் இல்லை, வந்தும் நிலைக்கவில்லை.

சறுக்கல் கதையில் இருக்கிறது. 1574, போலந்தின் கிராகோவ். அந்நாட்டுப் பிரபுக்கள் ராஜாவாகத் தேர்ந்தெடுத்த பிரெஞ்சு இளவரசன் ஆன்ரிக்கு ஊர் நினைப்பு தாளவில்லை. தன்னைத் துரத்த ஒரு சதி நடக்கிறது என்று தெரிந்ததும் குஷியாகி, நண்பன் நான்ஜியின் பெயரில் போய் அதில் சேர்ந்துகொள்கிறான். சதி முற்றி, ராஜாவைக் கொல்வது யார் என்று சீட்டுக் குலுக்கினால், பொறுப்பு அவன் தலையிலேயே விழுகிறது! அதுவரை அபாரம். அதன் பிறகு யார் யாராக நடிக்கிறார்கள் என்று கணக்கு வைப்பதற்குள் மூன்றாம் அங்கம் முடிந்துவிடும். 1929இல் பாரிஸில் மீண்டும் போட்டபோது கதையைத் திருத்தித்தான் போட்டார்கள்.

இசை அப்படியல்ல. முன்னிசையின் தொடக்கத்தைக் கேளுங்கள். ‘நைன்த் கார்டு’ என்ற சுரக்கூட்டுகள் வரிசையாக வரும், இறங்கி ஓய வேண்டிய இடத்தில் ஓயாமல், ஒன்று அடுத்ததன் தோளில் ஏறி நிற்கும். அன்றைய பாரிஸ் காதுக்கு அது புதுசு. வாக்னரின் ‘ரிங்’ ஓபராத் தொடரை எழுதுவதைவிட இந்த ஓபராவை எழுதியிருக்கவே ஆசை என்று இசையமைப்பாளர் ராவெல் சொன்னதாகச் சொல்வார்கள். இரண்டாம் அங்கத்து நடன விருந்தின் இசையான ‘ஃபெத் பொலொனேஸ்’ கச்சேரி மேடைகளில் தனியாகவே ஓடுகிறது. 1949இல் பாலன்ஷின் நியூயார்க்கில் அதற்கு பாலே அமைத்தார்.

மேடையில் ஆன்ரி கடைசியில் போலந்துக் கிரீடத்தை ஏற்றுக்கொள்கிறான். நிஜ ஆன்ரியோ அண்ணன் இறந்த செய்தி வந்ததும் 1574 ஜூன் 18 இரவோடு இரவாக கிராகோவை விட்டு ஓடி, பிரான்சில் அரியணை ஏறினான். ஷாப்ரியேயின் இசையும் அப்படித்தான் பிழைத்தது, கதையைப் பின்னால் விட்டுவிட்டு.