உடன்போக்கில் உடன் போகிறவர் யார்?

ஒவ்வோர் ஆண்டும் இளங்கலை மாணவிகளுக்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் நடத்துகிறேன். அகத்திணையியலில் பிரிவுக்கான காரணங்கள் வரும். தலைவன் கல்விக்காகப் பிரிவான், பகை காரணமாகப் பிரிவான், தூது செல்லப் பிரிவான். இவற்றில் ஓதலும் தூதும் உயர்ந்தோருக்கு உரியவை. கடல் கடக்கும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது இன்னொரு நூற்பா. கற்பியலுக்குப் போனால், கல்விக்கான பிரிவு மூன்று ஆண்டுகளைத் தாண்டாது என்று கால எல்லையும் வகுத்திருக்கிறது. இதெல்லாம் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. கரும்பலகையில் எழுதிப் போடுவேன், மாணவிகள் குறித்துக்கொள்வார்கள்.

படிக்கப் போகிறவள் தலைவியாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. என் அண்ணன் மகள்தான் கேட்டாள்.

அவள் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்தவள். பசுக்களின் மடிவீக்க நோய் பற்றி மேற்படிப்பும் ஆய்வும் செய்ய அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். கணவர் வங்கியில் வேலை பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவள், “அவரையும் கூட்டிட்டுப் போறேன்” என்று சொன்ன நாளோடு அந்தச் சந்தோஷம் போயிற்று. “பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அமெரிக்கா போறானாம்” என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு. எங்கள் வீட்டிலும் அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைத் தூது அனுப்பினார்கள்.

போனேன். “நீ முதல்ல தனியாப் போம்மா. மூணு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குக் கேட்டது. மூன்றாண்டுக் கணக்கு கற்பியல் போட்ட கணக்கு.

அவள் கோபப்படவில்லை. “ஏன் அத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் போனப்ப அண்ணியைக் கூட்டிட்டுப் போகாதேன்னு யாராவது சொன்னீங்களா? விடியக்காலை பால் கறக்கிற நேரத்துக்குப் பண்ணையில நின்னு சாம்பிள் எடுக்கணும். வந்தா பரிசோதனைக்கூடம், வகுப்பு. எனக்கும் வீட்ல ஒரு ஆள் வேணும்ல?” என்றாள்.

அன்றிரவு உடன்போக்கு என்ற சொல்லைத் திரும்ப யோசித்தேன். அகமரபில் பெண் வீட்டை விட்டு வெளியேறுவதை இந்தச் சொல்தான் குறிக்கிறது. அது துணிச்சலான செயல். தாய் தேடி வருகிறாள், ஊர் அலர் தூற்றுகிறது, அவள் பாலை கடந்து போகிறாள். அந்தத் துணிச்சலை எத்தனையோ முறை வகுப்பில் கொண்டாடியிருக்கிறேன். ஆனால் திசையைத் தீர்மானிப்பவன் அவன். அவள் ‘உடன்’ என்ற இடத்தில் இருக்கிறாள். அவள் முன்னே நடக்க, அவன் உடன் போவதற்கு நம் மரபில் ஒரு துறை இல்லை. துறை இல்லாததற்கு ஊர் வைத்திருக்கும் பெயர்தான் முந்தானை.

கற்பதற்காக ஊர் ஊராகப் போன பெண் நம் காப்பியத்தில் ஒருத்தி இருக்கிறாள். மணிமேகலை கடல் நடுவே மணிபல்லவத்துக்குப் போகிறாள், சாவகம் போகிறாள், வஞ்சிக்குப் போய்ச் சமயக்கணக்கர்களிடம் அவரவர் கோட்பாட்டைக் கேட்கிறாள். தமிழில் ஒரு பெண் இவ்வளவு தூரம் போனதும் இவ்வளவு பாடம் கேட்டதும் அரிது. ஆனால் காப்பியம் அதற்கு என்ன விலை வைக்கிறது? வஞ்சியில் பாடம் கேட்க அவள் தன் உருவத்தை மறைத்து மாதவன் வடிவம் எடுக்க வேண்டியிருக்கிறது. அவளைப் பின்தொடர்ந்து வந்த ஒரே ஆண் உதயகுமரன், காயசண்டிகையின் வடிவில் இருந்தவளை நெருங்கி, காயசண்டிகையின் கணவன் வாளால் வெட்டுண்டு இறக்கிறான். கற்கும் பெண் ஆணாக மாற வேண்டும், அவள் பின்னால் வரும் ஆண் சாக வேண்டும். துறவுக் காப்பியம் அப்படித்தான் முடியும் என்று சமாதானம் சொல்லலாம். படிப்பையும் இணையையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் பெண்ணை அதன் பிறகும் நம் இலக்கியம் அதிகம் கற்பனை செய்யவில்லை என்பதற்கு அந்தச் சமாதானம் போதாது.

வரலாற்றில் இந்தக் கேள்வியை நேரடியாக எதிர்கொண்டவர் ஆனந்திபாய் ஜோஷி. 1883இல் மருத்துவம் படிக்கக் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். புறப்படும் முன் செராம்பூரில் பொதுமக்கள் முன் பேசியபோது, தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதில் சொன்னார். அவற்றில் ஒன்று, ஏன் தனியாகப் போகிறாய் என்பது. கணவரும் தானுமாகச் சேர்ந்து போகத்தான் முதலில் எண்ணியிருந்தோம், பணம் போதவில்லை, கணவரை நம்பி அவர் குடும்பத்தார் இருக்கிறார்கள் என்பது அவர் பதிலின் சாரம். கோபால்ராவ் அங்கே போய்ச் சேர்ந்தது படிப்பு முடியும் தறுவாயில். 1886இல் பட்டம். 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையும் முன்பே காசநோயால் மரணம். அவரைத் தனியாகப் போன வீராங்கனை என்றே பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன. சேர்ந்து போக விரும்பி, முடியாமல் தனியாகப் போனவர் என்பதைச் சொல்வதில்லை. நமக்குத் தனித்த தியாகிகள் வசதியாக இருக்கிறார்கள்.

என் அண்ணன் மகளும் கணவரும் போனார்கள். அமெரிக்க மாணவர் விசாவில் போகிறவரின் துணைக்கு எஃப்-2 விசா. அவர் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. முழுநேரமாகப் பட்டப்படிப்பில் சேரக்கூடாது. அவரை வைத்துக் காப்பாற்றப் பணம் இருக்கிறது என்று மாணவி முன்கூட்டியே கணக்குக் காட்ட வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவரின் துணை நேர வரம்பின்றி வேலை பார்க்கலாம். கனடா 2025இல் துணைவருக்கான வேலை அனுமதியைக் குறுக்கியபோதும் கால்நடை மருத்துவப் பட்டம் படிப்பவர்களின் துணையை விட்டுவைத்தது. பிரிட்டன் 2024 ஜனவரி முதல், ஆய்வுப் பட்டம் படிப்பவர்கள், அரசு உதவித்தொகை பெறுபவர்கள் தவிர மற்ற மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வருவதையே நிறுத்திவிட்டது. கடல் கடக்கும்போது யாரை உடன் அழைத்துப் போகலாம் என்பதற்கு இன்றும் நூற்பாக்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தப் படிவங்களில் எல்லாம் உடன் போகிறவருக்கு ஒரே பெயர்: டிபெண்டன்ட். சார்ந்திருப்பவர் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். சார்ந்திருப்பது ஒருவரின் இயல்பு என்பதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது. உண்மையில் வேலை செய்யாதே என்று தடுத்துச் சட்டம்தான் அவரைச் சார்ந்திருக்க வைக்கிறது.

ஐந்து மாதம் கழித்து மாப்பிள்ளை என்னிடம் தொலைபேசியில் பேசினார். சமைக்கிறாராம், துணி துவைக்கிறாராம், விடியற்காலையில் அவளைப் பண்ணையில் இறக்கிவிட்டு வருகிறாராம். அதில் குறை இல்லை என்றார். பிறகு தயங்கி, “முடி வெட்டிக்கக்கூட அவகிட்டக் காசு கேக்க வேண்டியிருக்கு. அவ ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா கேக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்றார். அந்த ‘ஒரு மாதிரி’யை நான் உடனே புரிந்துகொண்டேன். இரண்டு வீட்டாரும் புரிந்துகொண்டார்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் அவருக்காகக் கவலைப்பட ஆரம்பித்தோம். இப்படி ஒரு சட்டம் உண்டா என்று அண்ணன் கொதித்தார்.

அதே அடுக்ககத்தில் நம் ஊர்ப் பெண்கள் பலர் இருந்தார்கள். பொறியியல் படித்தவர்கள், ஓர் ஆசிரியை. எல்லோரும் கணவரின் விசாவில் வந்தவர்கள். அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவியரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்ததே 2015இல்தான். மாப்பிள்ளையின் வருத்தத்தைக் கேட்டு அந்த ஆசிரியை சிரித்தாளாம். “நான் ஆறு வருஷமா கேட்டு வாங்குறேன் அண்ணா. எங்க அப்பாவுக்கு அது வருத்தமாவே தெரியல” என்றாளாம்.

எனக்கு இந்த இடத்தில் வலித்தது. என் முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் இரண்டாண்டு ஆய்வு வாய்ப்பு ஒன்று வந்தது. கணவர் வேலையை விட முடியாது, குழந்தைக்கு மூன்று வயது என்று மறுத்துவிட்டேன். அது என் முடிவு என்றே இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால், ‘நீங்க வாங்களேன்’ என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் மறுத்திருக்கலாம், ஒப்புக்கொண்டும் இருக்கலாம். கேட்பதற்கான வாக்கியம் என்னிடம் இல்லை. பிரிவைப் பற்றி இருநூறு பாடல்கள் தெரிந்தவளிடம் அந்த ஒரு வாக்கியம் இல்லை.

அதற்காக, மனைவியின் இடத்தில் கணவனை உட்கார வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. “எனக்கும் வீட்ல ஒரு ஆள் வேணும்ல” என்ற வாக்கியம் எத்தனை ஆண்களுக்கு எத்தனை மனைவியரின் உழைப்பைப் பெற்றுத் தந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அவளிடம் அதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “தெரியும் அத்தை. அதான் மாசம் பொறந்ததும் பாதியை அவர் கணக்குல போட்டுடறேன். கேக்க வைக்கறதில்ல” என்றாள். உதவித்தொகை சின்னது, பாதி இன்னும் சின்னது. ஆனாலும் அந்த ஆசிரியையின் ஆறு வருடத்தில் யாருக்கும் தோன்றாத ஏற்பாடு அது.

இந்த ஆண்டு அந்த நூற்பாவை நடத்திய பிறகு, படிக்கக் கடல் கடப்பவள் தலைவி என்றால் தலைவன் என்ன செய்வான் என்று எழுதி வரச் சொன்னேன். சிலர் காத்திருப்பான் என்று எழுதினார்கள். சிலர் வேறு கல்யாணம் செய்துகொள்வான் என்றார்கள். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தாளைக் கொடுக்காமல் எழுந்து நின்றாள். “முதல்ல அவளைப் போக விடுவாங்களா மேம்?” என்று கேட்டாள். மணி அடித்தும் அன்று யாரும் எழுந்து போகவில்லை.