குதிரை முதுகிலிருந்து தெரியும் போர்

இடைக்காலப் போரைக் களமாகக் கொண்ட வீடியோ கேம்களில் ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 2006இல் வந்த 'மெடீவல் 2: டோட்டல் வார்' அவரை வானத்தில் நிறுத்துகிறது. கீழே படைகள் கட்டம் கட்டமாக நகரும். எதிரி எந்த மேட்டுக்குப் பின்னால் வருகிறான் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 2018இல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' அவரை 1403ஆம் ஆண்டின் பொஹீமியாவில் கொல்லன் மகன் ஒருவனின் உடலுக்குள் இறக்கிவிடுகிறது. அங்கே ஒரு வாளும் ஓர் எதிரியும்தான் உலகம். துருக்கியின் அங்காரா நகரில் அர்மகான் யாவுஸ், இபெக் யாவுஸ் தம்பதி தொடங்கிய டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'மவுண்ட் அண்ட் பிளேட்' இந்த இரண்டையும் ஒரே ஆளின் தலையில் சுமத்தியது. ஆடுபவர் படைத்தலைவர், அதே நேரத்தில் வெட்டுப்பட்டுக் கீழே விழக்கூடிய ஒரு குதிரைவீரர். முதல் விளையாட்டு 2008இல் வந்தது, 'வார்பேண்ட்' 2010இல். 'பேனர்லார்ட்' 2020 மார்ச்சில் முன்வெளியீடாக வந்து, 2022 அக்டோபரில் முழு வடிவம் பெற்றது.

இந்த இரட்டைப் பொறுப்பே இந்த விளையாட்டின் பெருஞ்சிறப்பு. வாள்வீச்சில் நான்கு திசைகள்: மேலிருந்து, இடமிருந்து, வலமிருந்து, நேரே குத்து. மவுஸை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் வாள் ஓங்கும். கேடயம் இல்லையென்றால், எதிரி ஓங்கும் திசையைக் கண்டு அதே திசையில் தடுத்தாக வேண்டும். அடியின் வலு ஆயுதத்தை மட்டும் பொறுத்ததல்ல. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் வரும் வேகத்தையும் பொறுத்தது. பாயும் குதிரையில் கக்கத்தில் இடுக்கிய ஈட்டி ஒரே மோதலில் ஆளைச் சாய்ப்பதும், அதே குதிரை கூட்டத்துக்குள் சிக்கி நின்றதும் அதன்மேல் இருப்பவர் கையாலாகாதவர் ஆகிவிடுவதும் இந்தக் கணக்கினால்தான். குதிரைப்படை நிற்கக் கூடாது என்ற பாடத்தை யாரும் எழுதிக் காட்டவில்லை. நின்றவர் விழுகிறார், அவ்வளவுதான்.

இதைச் செய்துகொண்டே படையையும் நடத்த வேண்டும். காலாள், வில்லாளர், குதிரைவீரர், குதிரை வில்லாளர் என்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் விசை. எங்கே நிற்பது, கேடயங்களை ஒட்டி வைத்து அரணாக நெருங்குவதா, அம்பு மழைக்கு இடம் விட்டுப் பரவி நிற்பதா, எப்போது பாய்வது என்பதையெல்லாம் குதிரைமேல் உட்கார்ந்தபடியே சொல்ல வேண்டும். பேனர்லார்டில் களத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வரை மோதலாம். அந்த நெரிசலில் தன் இடப்பக்கம் உடைந்ததா தாங்குகிறதா என்பது தலைவருக்குத் தெரியாது. சரிவில் இறங்கிவிட்டால் தன் வில்லாளர்களே கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். குறைந்த பார்வையோடு முடிவெடுக்க வைப்பதை நான் இந்த விளையாட்டின் மிக நேர்மையான அம்சமாகக் கருதுகிறேன். வரலாற்றில் எந்த இடைக்காலத் தளபதிக்கும் வானத்துக் கண் இருந்ததில்லை. கேமராவை மேலே பறக்கவிடும் 'ஆர்டிஎஸ் கேமரா' என்ற மாட் (ஆடுவோரே செய்து சேர்க்கும் மாற்றம்) பிரபலம். அதன் வசதி புரிகிறது. ஆனால் அதைச் சேர்த்த கணமே இது வேறொரு விளையாட்டாகிவிடுகிறது.

1066இல் ஹேஸ்டிங்ஸ் மேட்டில் ஆங்கிலேய மன்னர் ஹரால்டின் ஆட்கள் கேடய அரண் அமைத்து நாளின் பெரும்பகுதி தாக்குப்பிடித்தார்கள். பின்வாங்கி ஓடிய நார்மன்களைத் துரத்த அரணை விட்டு இறங்கியவர்கள் சமவெளியில் சூழப்பட்டு வெட்டப்பட்டார்கள். பேனர்லார்டில் எஃப்1, எஃப்3 என்ற இரு விசைகளைத் தட்டினால் பிரிவு முழுவதும் பாயும். எதிரி பின்வாங்குவதைக் கண்டு அவசரப்பட்டு அந்த விசைகளைத் தட்டியவர் எல்லோருக்கும், அரண் ஏன் அரணாக இருக்க வேண்டும் என்பது அடுத்த அரை நிமிடத்தில் விளங்கிவிடும். புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற செய்தி இங்கே கைக்கு வந்து சேர்கிறது.

களத்துக்கு வெளியே உள்ள வரைபடமும் அதே அக்கறையோடு செய்யப்பட்டது. இருபது பேருக்கு நாளொன்றுக்கு ஒரு பங்கு உணவு. தானியம் மட்டுமே கொடுத்தால் மனம் சோரும். மீன், பேரீச்சை, வெண்ணெய் எனப் பலவகையும் இருந்தால் தேறும். அன்றாடம் கூலி கொடுக்க வேண்டும். கைதிகள் சேரச் சேர நடை தளரும், காலாட்களுக்கு உபரிக் குதிரை இருந்தால் நடை கூடும். பனியும் காடும் இரவும் வேகத்தைக் குறைக்கும். எதிரியை எட்டிப் பிடிப்பதும் அவனிடமிருந்து தப்புவதும் வாளை உருவும் முன்பே இந்தக் கணக்குகளில் தீர்ந்துவிடுகின்றன.

அங்காரா இருக்கும் அனடோலியாவிலிருந்து வந்த விளையாட்டு என்பதற்கும் பொருள் உண்டு. மேற்கில் செய்யப்பட்ட இடைக்கால விளையாட்டுகள் பலவற்றில் கவச வீரனே நடுநாயகம். புல்வெளிக் குதிரைவீரன் எங்கிருந்தோ வரும் பேரிடர். இங்கே குசைத்துகள் என்ற புல்வெளி மக்கள் மற்றவர்களுக்குச் சமமான ஓர் அரசு, அவர்களாகவே ஆடலாம். 1071இல் மன்சிகெர்ட்டில் செல்ஜுக் குதிரை வில்லாளர்கள் பின்வாங்கிப் பின்வாங்கியே பைசாந்தியப் படையை இழுத்துக் களைக்க வைத்தார்கள். கடைசியில் பேரரசர் ரோமானோஸ் சிறைப்பட்டார். அந்த உத்தி எதிரில் நிற்பவரை எப்படி அலைக்கழிக்கும் என்பதை வெயிலில் காலாட்படையோடு குசைத்துகளை எதிர்கொள்ளும்போது உணரலாம்.

ஆனால் இங்கேதான் குறைகளும் தொடங்குகின்றன. ஒரு மக்களினத்துக்கு ஓர் ஆயுதம் என்று எழுதிவைத்தது போல இருக்கிறது: பட்டானியர் என்றால் வில், ஸ்டர்ஜியர் என்றால் கோடரி, குசைத்துகள் என்றால் குதிரை. எந்தச் சமூகமும் இவ்வளவு எளிமையானதல்ல. அதைவிட, பட்டானியரின் உச்சநிலை வில்லாளர்களான ஃபியான் சாம்பியன்கள் மற்றெல்லாரையும் விஞ்சி நிற்கிறார்கள். அவர்களை நூறு பேர் சேர்த்து ஒரு மேட்டில் நிறுத்தினால் தந்திரம் எதுவும் தேவையில்லை. 1363இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் விடுமுறை நாள்களில் வில் பழகுமாறு குடிமக்களுக்கு ஆணையிட்டார். நல்ல வில்லாளி உருவாகப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டியிருந்தது. அந்த அருமையை இந்த விளையாட்டு சில சண்டைகளில் கிடைக்கும் தேர்ச்சிப் புள்ளிகளாகச் சுருக்கிவிடுகிறது. கணினி நடத்தும் எதிரித் தளபதியும் பக்கவாட்டுத் தாக்குதலுக்குப் போதுமான அளவு அஞ்சுவதில்லை. முற்றுகையில் ஏணியடியில் வீரர்கள் திணறி நிற்பது வார்பேண்ட் காலத்திலிருந்தே தொடரும் நோய்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். என் மனம் ஒப்பாத குறை வேறு. போர் யாரை என்ன செய்தது என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை.

புறத்திணை படித்தவருக்கு இந்த விளையாட்டின் போக்கு பழகிய ஒன்றாகத் தோன்றும். வார்பேண்டில் கிராமத்துக்குள் புகுந்து ஆநிரை கவரலாம், அது வெட்சி. மதிலை வளைக்கலாம், அது உழிஞை. வெளியில் பொருதலாம், அது தும்பை. ஆனால் நம் மரபு இவற்றோடு நிலையாமையைப் பேசும் காஞ்சியையும் ஒரு திணையாக வைத்தது. அந்தத் திணைக்கு இந்த விளையாட்டின் கற்பனை நிலமான கால்ரேடியாவில் இடமில்லை. சண்டை முடிந்ததும் கொள்ளைப் பொருள்களின் பட்டியல் விரிகிறது. இறந்தவர்கள் ஓர் எண். அடுத்த ஊரில் அதே எண்ணிக்கையில் இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். கைதிகளை விடுதியில் இருக்கும் தரகரிடம் விற்றுக் காசாக்கலாம். எரித்த கிராமத்தில் குடிகள் குறையும், பிறகு மெல்ல ஏறும். ஊர் மறுபடியும் தானியம் தரும்.

1415இல் ஹார்ஃப்ளர் முற்றுகையில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியின் படையை நிலைகுலைய வைத்தது பிரெஞ்சு வாளல்ல, வயிற்றுப்போக்கு. 1418இல் அவர் ரூவான் நகரை வளைத்தபோது, உணவு தீர்ந்த நகரம் ஏழைகளை வெளியே தள்ளியது. ஆங்கிலேயர் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. மதிலுக்கும் பாசறைக்கும் நடுவே இருந்த அகழியில் அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் பட்டினியால் மாண்டார்கள். இடைக்கால முற்றுகையின் உண்மையான முகம் இதுதான். பேனர்லார்டில் முற்றுகைக்கு ஆளான நகரின் உணவு இருப்பு குறைவதை எண்ணில் காணலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முகமும் இல்லை. படைகளை வாட்டிய கொள்ளைநோய் இந்த உலகத்திலேயே கிடையாது.

இதன் விளைவு ஆட்டத்தையும் பாதிக்கிறது. போர் எப்போதும் லாபமாகவே இருப்பதால் அதை நிறுத்த யாருக்கும் காரணமில்லை. மூன்றாம் எட்வர்ட் பிளாரன்ஸ் வங்கிகளுக்குப் பட்ட கடனை அடைக்க முடியாமல் திணறினார். கால்ரேடியாவின் மன்னர்களோ தோற்ற மறுவாரமே புதுப்படையோடு வந்து நிற்கிறார்கள். முதல் நாற்பது, ஐம்பது பேரை வைத்து ஊர் ஊராகத் திரியும் காலத்தில் இருந்த பதைப்பு, அரசு அமைத்த பிறகு தேய்ந்து, ஒரே கோட்டையைத் திரும்பத் திரும்பப் பிடிக்கும் சலிப்பாக முடிகிறது. பிற்பகுதி சலிக்கிறது என்று ஆடுவோர் வெகுகாலமாகச் சொல்லிவரும் குறைக்கு, போருக்கு விலை இல்லாததே வேர் என்பது என் முடிவு.

பொழுதுபோக்கில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இருபது பேருக்கு ஒரு பங்கு உணவு என்று கணக்கிடத் தெரிந்த விளையாட்டிடம் எதிர்பார்க்கலாம். பேனர்லார்டில் பிரபுக்கள் மூப்படைகிறார்கள், இறக்கிறார்கள், பிள்ளைகள் வாரிசாகிறார்கள். உழவருக்கும் சாதாரண வீரருக்கும் அதே கவனத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது இயலாத காரியமல்ல. மாட் செய்வோர் இந்த எலும்புக்கூட்டின்மேல் முழு உலகங்களையே கட்டியிருக்கிறார்கள். பிரைட்டன்வால்டா என்ற மாடை உருவாக்கிய குழு 2014இல் 'வைகிங் கான்குவெஸ்ட்' என்ற அதிகாரபூர்வ விரிவாக்கத்தையே செய்துகொடுத்தது.

களத்தில் ஒரு படை எப்படி நிற்கிறது, எப்படி உடைகிறது என்பதை உணர வைப்பதில் இதற்கு இணையான விளையாட்டை நான் அறியேன். போர் எதை மிச்சம் வைத்தது என்பதை இதில் தேடக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர் வானத்துக் கேமராவைச் சேர்க்காமல், ஃபியான்களைக் குவிக்காமல், சண்டையைக் கணினியின் கணக்குக்கு விட்டுவிடாமல், ஒரு சிறு காலாட்படையோடு ஆடிப் பாருங்கள். ரூவான் முற்றுகையைப் பற்றியும் கூடவே படியுங்கள்.