கையசைவு விளையாட்டும் இரு தேசத்துச் சரீரப் பழக்கமும்

பொத்தான்களை அழுத்தி ஆடுவதை விட்டுக் கையை வீசி ஆடும் வழக்கத்தை வீட்டுக்கு வீடு பரப்பிய பெருமை, 2006 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட வீ என்னும் விளையாட்டு யந்திரத்தையே சாரும். கையில் பிடித்து ஆடும் அதன் கோலுக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் வேக மாற்றத்தை உணர்ந்து தெரிவிக்க, திரையிலுள்ள உருவமும் அதற்கிசையக் கையை வீசுகிறது. ஆட்டம் ஏற்கெனவே சரீரத்துக்குத் தெரிந்திருப்பதால் பயிற்சியின்றியே குழந்தையும் கிழவரும் ஆடலாம் என்பதே இவ்வகைக் கருவிகளுக்குச் சொல்லப்படும் விசேஷம். ஆனால் சரீரத்துக்குத் தெரிந்தது தேசந்தோறும் ஒன்றல்ல. ஆகையால் கருவியைப் பற்றி ஒருவர் கொள்ளும் முதல் அபிப்பிராயம், அதன் நுட்பத்தைக் காட்டிலும் அதனோடு வரும் முதல் ஆட்டத்தையே பொறுத்தது என்பதை, ஜவ்வாது மலைச் சிறுவர்களையும் இலங்கைச் சிறுவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அறியலாம்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீ யந்திரத்தோடு சேர்த்தே அளிக்கப்பட்ட வீ ஸ்போர்ட்ஸில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என ஐந்து ஆட்டங்கள் இருந்தன. 2010-இல், ஒளிரும் உருண்டையைத் தலையில் தாங்கிக் காமிராவுக்குத் தன் இருப்பிடத்தைக் காட்டும் பிளேஸ்டேஷன் மூவ் வெளிவந்தபோது, உடன் வந்த ஸ்போர்ட்ஸ் சாம்பியன்ஸில் வில்வித்தை, மேசைப்பந்து, கடற்கரைக் கைப்பந்து முதலியன அமைந்தன. அதே ஆண்டு, கோலே வேண்டாது ஆடுபவரின் உடலையே நோக்கியறியும் கினெக்டும், அதற்கான கினெக்ட் ஸ்போர்ட்ஸும் வந்தன. இம்மூன்று ஆரம்பத் தொகுதிகளில் ஒன்றிலேனும் கிரிக்கெட்டுக்கு இடமில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் அங்கமான ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சாமைக் கொல்லைகளுக்கு நடுவே சமதரை என்பது அருமையாகக் கிடைப்பது. பலகையைச் செதுக்கிய மட்டையால் ரப்பர் பந்தை அடிக்கும் சிறுவன், பந்து சரிவில் உருண்டால் தானே இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும் என்பதை மனத்தில் இருத்தியே ஆடுகிறான். பந்தை உயரத் தூக்காமல் தரையோடு தட்டிவிடுவது அவனுடைய அப்பியாசம். அத்தகைய சிறுவனிடம் வீயின் கோலைக் கொடுத்து பேஸ்பால் ஆடச் சொன்னால், அவன் அதைத் தோளுக்கு மேல் உயர்த்துவதில்லை. முதுகை வளைத்து, கோலின் நுனியைத் தரைப்பக்கம் தாழ்த்தி, இரண்டாவது கைக்குப் பிடி தேடுகிறான். சுமார் 15 சென்டிமீட்டர் நீளமே உள்ள கோல் அந்த இரண்டாவது கைக்குத் தாராளமாக இடமளிப்பதில்லை. வீச்சின் வேகத்தை மட்டுமே பெரிதும் கவனிக்கும் யந்திரம் அவனுடைய அடியை ஏற்றுக்கொள்ளுகிறது. ஆயினும் அந்த அடி எத்தகையது என்பதை அது அறிவதில்லை.

இலங்கையிலும் மென்பந்துக் கிரிக்கெட் ஊர்தோறும் ஆடப்படுகிறது. ஆனால் அங்கே சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களில் எல்லே என்னும் ஆட்டமும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எறியப்படும் பந்தை மூங்கில் கழியால் ஓங்கி அடித்து, அடித்தவன் எல்லைக் கம்பங்களைச் சுற்றி ஓட, எதிர்க் கட்சியார் அவன்மேல் பந்தை எறிந்து அவனை ஆட்டமிழக்கச் செய்வது அதன் முறை. எல்லே பழகிய கைக்கு பேஸ்பாலின் தோளுயர வீச்சு அன்னியமானதன்று. 1991 முதல் அத்தீவின் தேசிய விளையாட்டாக விளங்குவது, கரப்பந்தாட்டம் என்று அங்கே வழங்கும் கைப்பந்தே ஆகையால், மூவின் கடற்கரை ஆட்டமும் அங்குள்ளோருக்கு எளிதில் கைவரும். ஆக, ஒரே கருவி அங்கே பாதி அறிமுகமான நண்பனாகவும், இங்கே அயலானாகவும் தோன்றுவது இயல்பே.

எனினும் இழப்பு இரு சாராருக்கும் உண்டு. வீயின் பேஸ்பாலில் அடித்தபின் ஓடும் வேலையை யந்திரமே செய்துவிடுவதால், எல்லேயில் சரிபாதியாகிய ஓட்டத்தின் ஆவேசம் இலங்கைச் சிறுவனுக்குக் கிட்டுவதில்லை. மலைச் சிறுவனுக்கோ, பந்து மட்டையில் பட்டதும் முழங்கை வரை ஏறும் அதிர்வு கிட்டுவதில்லை. கோலின் சிறு நடுக்கம் அதற்கு ஈடாகாது. கனமற்ற கோலை வேகத்தில் கைநழுவ விட்டோர் உலகெங்கும் பலராக, 2006 டிசம்பரிலேயே நிண்டெண்டோ நிறுவனம் மணிக்கட்டு வாரைத் தடிப்பாக்கி மாற்றித்தர நேர்ந்தது.

நம் ஆட்டங்களைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடவாமலில்லை. 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளிவந்த தேசி அட்டா என்னும் ஆட்டத் தொகுதியில் கபடியும் கிட்டிப்புள்ளும் இடம்பெற்றன. ஆனால் அவை பொத்தான்களால் ஆடப்பட்டன. மும்பையின் டிரைன் நிறுவனம் உருவாக்கிய மூவ் ஸ்டிரீட் கிரிக்கெட் 2012-இல் வந்து, தெருக் கிரிக்கெட்டைக் கையசைவுக் கோலோடு இணைத்தது. கருவி வந்து இரண்டாண்டு கழிந்த பின்னரே அக்கருவிக்கு நம் ஆட்டம் வந்தது. அதற்குள் முதல் அபிப்பிராயம் நிலைபெற்றுவிட்டது.

இனிக் கையசைவுக் கருவி செய்வோர் இத்தேசங்களில் அதை விற்க விரும்பினால், பெட்டியைத் திறந்தவுடன் கிடைக்கும் முதல் ஆட்டம் கிரிக்கெட்டாகவோ, எல்லேயாகவோ, இரு கரைத் தமிழரும் ஆடும் கிட்டிப்புள்ளாகவோ இருக்கவேண்டும். பயிற்சி வேண்டாம் என்று சொல்லும் கருவி, ஆடுபவர் முன்பே பெற்றிருக்கும் பயிற்சியை மதிக்கக் கடமைப்பட்டது.